நான்லீனியர் டிஃப்யூஷன் ஈக்வேஷனுக்கு செல்ஃப்-சிமிலர் சொல்யூஷன் கையால கண்டுபிடிக்கிறது எப்படி

நான்லீனியர் பிடிஇ (பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்) ஒண்ணு கைக்கு வந்தா நிறைய பேர் நேரா கோட் எழுதி ஓட்டிடுறாங்க, படமும் அழகா வந்துடும், ஆனா அந்தப் படம் சரியா தப்பான்னு கேட்டா பதில் சொல்ல கைல எதுவும் இருக்காது. கைல பேனா பேப்பர் வச்சு அரை மணி நேரத்துல கண்டுபிடிக்கக்கூடிய ஒரு எக்ஸாக்ட் சொல்யூஷன் இருக்கும்போது அத விட்டுட்டுப் போறது எனக்கு மனசு ஒப்புறதே இல்ல. அதனால அத எப்படிப் பிடிக்கிறதுன்னு முழுசா எழுதுறேன், கூடவே நீங்களும் ஒரு தாள்ல போட்டுக்கிட்டே வாங்க. ஃபார்முலா எழுத்தையெல்லாம் இங்க தமிழ்லயே எழுதுறேன், உங்க நோட்டுல வழக்கமா போடுற எழுத்த போட்டுக்கோங்க. யு_டி-ன்னா டைம்ல டெரிவேட்டிவ், யு_எக்ஸ்எக்ஸ்-னா எக்ஸ்ல ரெண்டு தடவ டெரிவேட்டிவ், ^ குறி போட்டா பவர்.

முதல்ல செல்ஃப்-சிமிலர்னா என்னன்னு ஒரு வரில. ஒரு குவியல் காலப்போக்குல பரவுது, இப்போ ஒரு போட்டோ, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு போட்டோ எடுக்குறோம், ரெண்டாவத பக்கவாட்டுல சுருக்கி உயரத்துல இழுத்தா அப்படியே முதல் போட்டோ மேல உட்காருதுன்னா அதுதான் செல்ஃப்-சிமிலர். உருவம் ஒண்ணேதான், அளவுகோல் மட்டும் மாறுது. உருவம் மாறாததால எக்ஸ், டி ரெண்டு வேரியபிள் இருந்த இடத்துல ஒரே வேரியபிள் போதும், பிடிஇ ஓடிஇ (ஒரே வேரியபிள் இருக்குற ஆர்டினரி டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்) ஆயிடும், லாபம் மொத்தமும் அங்கதான் இருக்கு.

நாம எடுத்துக்கப் போற ஈக்வேஷன் போரஸ் மீடியம் ஈக்வேஷன், இதுல யு-ன்னா எக்ஸ்-ங்கிற இடத்துல டி-ங்கிற நேரத்துல குவியலோட உயரம்:

யு_டி = (யு^எம்)_எக்ஸ்எக்ஸ், எம் > 1

இதுல டிஃப்யூஷன் கோஎஃபிஷியன்ட் எம் யு^(எம்-1), அதாவது யு எங்க ஜீரோவோ அங்க டிஃப்யூஷனும் ஜீரோ. எம் = 2 போட்டா நிலத்தடி நீர்மட்டம் பரவுறதுக்கான பூசினெஸ்க் ஈக்வேஷன், எம் = 4 போட்டா தட்டையான தரைல தேன் மாதிரி கெட்டியான திரவம் தன் எடையாலயே பரவுறது, பிளாஸ்மால எலெக்ட்ரான் வழியா வெப்பம் கடத்துறப்போ கண்டக்டிவிட்டி டெம்பரேச்சரோட 5/2 பவர்ல ஏறும், அப்போ எம் = 7/2. ரொம்ப அதிக சூட்டுல ரேடியேஷனால வெப்பம் பரவுறத ஆராயும்போதுதான் ஸெல்டோவிச்சும் கொம்பனீட்ஸும் 1950 வாக்குல இதோட சொல்யூஷன் ஒண்ண கண்டுபிடிச்சாங்க, 1952-ல பேரன்பிளாட் அத பொதுவா எழுதினார், 1959-ல பேட்டில் தனியா அதையே கண்டுபிடிச்சார். இன்னிக்கு பேரன்பிளாட் சொல்யூஷன்னுதான் எல்லாரும் சொல்றாங்க.

இப்போ வேலைக்கு வருவோம். இப்படி ஒரு ஃபார்ம் போடுங்க:

யு = டி^(-ஆல்ஃபா) எஃப்(இசட்), இசட் = எக்ஸ் / டி^பீட்டா

ஆல்ஃபா உயரம் எவ்வளவு வேகமா குறையுதுன்னு சொல்லுது, பீட்டா அகலம் எவ்வளவு வேகமா கூடுதுன்னு சொல்லுது. இத ஈக்வேஷன்ல போட்டா இடது பக்கம் டி^(-ஆல்ஃபா-1) வெளிய வரும், வலது பக்கம் டி^(-எம் ஆல்ஃபா - 2 பீட்டா) வெளிய வரும். மிச்சம் இருக்குறது முழுக்க இசட்ல மட்டும் இருக்கணும்னா இந்த ரெண்டு பவரும் ஒண்ணா இருந்தாகணும்:

(எம்-1) ஆல்ஃபா + 2 பீட்டா = 1

இது முதல் கண்டிஷன், ஈக்வேஷன் தானா கொடுக்குறது. கண்டுபிடிக்க வேண்டிய எண் ரெண்டு, கண்டிஷன் ஒண்ணுதான் வந்திருக்கு. இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிட்டு எங்கயோ பார்த்த ஃபார்முலாவ ஒட்டிட்டுப் போயிடுறாங்க. ரெண்டாவது கண்டிஷன் ஈக்வேஷன்ல கிடையாது, உங்க பிராப்ளத்துல இருக்கு, எது மாறாம நிக்குதுன்னு பார்த்து அத நீங்கதான் கொண்டு வரணும். இந்த ஒரு படிய மட்டும் நிதானமா செஞ்சா மிச்சமெல்லாம் கணக்குதான்.

ஒரே ஒரு குவியல் வச்சுட்டோம், வெளிலருந்து எதுவும் சேர்றது இல்ல, போறது இல்லன்னா மொத்த மாஸ் மாறாது. யு-வ எக்ஸ் முழுக்க இன்டெக்ரேட் பண்ணா டி^(பீட்டா-ஆல்ஃபா) வெளிய வரும், அது டைம சார்ந்திருக்கக் கூடாது, அதனால ஆல்ஃபா = பீட்டா. முதல் கண்டிஷனோட சேர்த்தா பீட்டா = 1/(எம்+1). எம் = 1 போட்டுப் பாருங்க, பீட்டா 1/2, சாதாரண ஹீட் ஈக்வேஷன்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ரூட் டி வந்துடுச்சு. ஒவ்வொரு தடவையும் எம் = 1 போட்டு சரிபார்க்குற பழக்கத்த வச்சுக்கோங்க, பாதி தப்பு அங்கயே மாட்டிக்கும்.

இப்போ மிச்சம் இருக்குற ஓடிஇ (' குறி போட்டா இசட்ல டெரிவேட்டிவ்):

(எஃப்^எம்)'' + பீட்டா (இசட் எஃப்)' = 0

ஆல்ஃபாவும் பீட்டாவும் ஒண்ணா இருந்ததாலதான் ரெண்டாவது டெர்ம் முழுசா ஒரு டெரிவேட்டிவ்வா சேர்ந்துச்சு, மாஸ் கன்சர்வேஷன்தான் இந்த ரூபத்துல வந்து நிக்குது. அதனால ஒரு தடவ சும்மா இன்டெக்ரேட் பண்ணலாம், வர்ற கான்ஸ்டன்ட் ஜீரோ, ஏன்னா நடுவுல இசட் = 0-ல சமச்சீர் இருக்கு, அங்க சரிவும் இல்ல, இசட்டும் ஜீரோ. வர்றது (எஃப்^எம்)' = -பீட்டா இசட் எஃப். ரெண்டு பக்கமும் எஃப்-ஆல வகுத்து இன்னொரு தடவ இன்டெக்ரேட் பண்ணா

(எம்/(எம்-1)) எஃப்^(எம்-1) = சி - பீட்டா இசட்^2 / 2

வகுக்கும்போது எஃப் ஜீரோ இல்லன்னு வச்சுத்தான் வகுத்தோம், அத மறந்துடாதீங்க. வலது பக்கம் நெகட்டிவ் ஆகுற இடத்துல எஃப் = 0 அப்படின்ற இன்னொரு சொல்யூஷன எடுத்துக்கணும். அதனால குவியலுக்கு ஒரு தெளிவான விளிம்பு கிடைக்குது, அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. சாதாரண ஹீட் ஈக்வேஷன்ல ஒரு நொடி போனாலும் உலகம் முழுக்க துளித்துளியா பரவிடும், இங்க அப்படி இல்ல, விளிம்பு ஒரு குறிப்பிட்ட வேகத்துலதான் நகருது.

எம் = 2-க்கு எண் போட்டு முடிச்சுடலாம். பீட்டா = 1/3, எஃப் = (ஏ^2 - இசட்^2)/12, இது ஒரு கவுத்த பரபோலா, ஏ-ன்னா எஃப் ஜீரோ ஆகுற விளிம்போட இசட். மாஸ் கணக்கு பண்ணா ஏ^3 / 9 வருது, மொத்த மாஸ் 1-னா ஏ = 9-ஓட க்யூப் ரூட், சுமார் 2.08. அதனால விளிம்பு எக்ஸ் = 2.08 டி^(1/3)-ல இருக்கும், நடு உயரம் 0.36 டி^(-1/3). டி = 8 ஆகும்போது விளிம்பு 4.16, உயரம் 0.18, டி = 1000 ஆகும்போது விளிம்பு 20.8-தான். முதல்ல வேகமா ஓடி அப்புறம் ரொம்ப சோம்பலாயிடுது.

இத எப்படி நம்புறது? விளிம்போட வேகம் அந்த இடத்துல பிரஷர் சரிவுக்கு சமமா இருக்கணும், பிரஷர்னா இங்க (எம்/(எம்-1)) யு^(எம்-1), எம் = 2-க்கு 2யு. அதோட சரிவ விளிம்புல கணக்கு பண்ணா (ஏ/3) டி^(-2/3), ஏ டி^(1/3)-ஐ டெரிவேட்டிவ் எடுத்தாலும் அதேதான். ரெண்டு வழில ஒரே விடை வர்றதப் பார்க்கும்போது எனக்கு இன்னிக்கும் சந்தோஷமா இருக்கும்.

டைமென்ஷன் எண்ணிக்கைய ‘என்’னு வச்சு செஞ்சா மாஸ் கண்டிஷன் ஆல்ஃபா = என் பீட்டா ஆகும், பீட்டா = 1/(என்(எம்-1)+2). கெட்டித் திரவத்த ஒரு தட்டுல ஊத்துனா எம் = 4, என் = 2, பீட்டா = 1/8 வருது, வட்டத்தோட ஆரம் டி^(1/8)-ல வளருதுன்னு ஹப்பர்ட் 1982-ல சோதனையோட ஒப்பிட்டுக் காட்டினது இதுதான். ஒரே வரி ஃபார்முலால அது விழுந்துடுது. எம் 1-க்குக் கீழ இருந்தா குறி மாறி விளிம்பு காணாமப் போயிடும், அதுக்குப் பதிலா இசட்^(-2/(1-எம்)) மாதிரி நீளமான வால் வரும், 3 டைமென்ஷன்ல எம் 1/3-க்குக் கீழ போனா பீட்டாவே நெகட்டிவ் ஆயிடும், மாஸ் தப்பிச்சு ஓடிடுதுன்னு ஈக்வேஷன் சொல்ற விதம் அது, அங்க இந்த சொல்யூஷன உபயோகிக்காதீங்க.

இப்போ ரெண்டாவது கண்டிஷன மாத்திப் பாருங்க, அதே ஈக்வேஷன் வேற வேற எண்ண கொடுக்கும். ஒரு பக்கம் மட்டும், எக்ஸ் > 0, ஆரம்பத்துல எல்லா இடமும் காலி, எக்ஸ் = 0-ல யு எப்பவும் 1-னு பிடிச்சு வச்சா உயரம் மாறாது, ஆல்ஃபா = 0, பீட்டா = 1/2, எம் என்னவா இருந்தாலும் சரி. 1894-லயே போல்ட்ஸ்மான் இந்த எக்ஸ்/ரூட் டி மாற்றத்த செறிவோட மாறுற டிஃப்யூஷனுக்கு எழுதிட்டார். எக்ஸ் = 0 வழியா ஒரே அளவுல ஃப்ளக்ஸ் (ஒரு நொடிக்கு உள்ள பாயுற அளவு) விட்டா, ஃப்ளக்ஸ்ல வர்ற பவர் எம் ஆல்ஃபா + பீட்டா = 0 ஆகணும், அப்போ பீட்டா = எம்/(எம்+1), ஆல்ஃபா = -1/(எம்+1). ஆல்ஃபா நெகட்டிவ்னு பயப்படாதீங்க, உயரம் வளருதுன்னு அர்த்தம், பீட்டா - ஆல்ஃபா 1 வருது, மாஸ் டைமோட நேரா ஏறுது, சரியாத்தான் இருக்கு. எக்ஸ் = 0-ல யு = 0-னு வச்சா மாஸ் கசிஞ்சு போயிடும், ஆனா எக்ஸ் யு-வோட இன்டெக்ரல் மாறாம நிக்கும், பார்ட் பார்ட்டா இன்டெக்ரேட் பண்ணிப் பாருங்க. அப்போ ஆல்ஃபா = 2 பீட்டா, பீட்டா = 1/(2எம்). இத டைபோல் சொல்யூஷன்னு சொல்வாங்க.

மாஸ், டைபோல் இந்த ரெண்டையும் தவிர மத்ததுல ஓடிஇ கையால முடியாது, கம்ப்யூட்டர் வேணும். இங்க ஒரு நல்ல வழி இருக்கு, நிறைய பேர் தெரியாம கஷ்டப்படுறாங்க. யு = 1 கேஸ எடுத்துக்கோங்க, எம் = 2: (எஃப்^2)'' + இசட் எஃப்' / 2 = 0, எஃப்(0) = 1, எங்கயோ ஒரு ஏ-ல எஃப் = 0, அந்த ஏ தெரியாது. எல்லாரும் எக்ஸ் = 0-லருந்து சரிவ குத்துமதிப்பா வச்சு மறுமுனைல சரியா வருதான்னு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்குறாங்க (இதத்தான் ஷூட்டிங்னு சொல்வாங்க), விளிம்புகிட்ட ஈக்வேஷன் சீரழிஞ்சு சால்வர் சிக்கிக்குது. அதுக்குப் பதிலா விளிம்புலருந்து பின்னாடி வாங்க. ஏ = 1-னு வச்சுக்கோங்க, விளிம்புகிட்ட எஃப் சுமார் (1 - இசட்)/4 மாதிரி போகும், அத ஒரு சின்ன தூரத்துக்கு உபயோகிச்சு அங்கருந்து இசட் = 0 வரைக்கும் ஒரே தடவ இன்டெக்ரேட் பண்ணுங்க. எஃப்(0) = 0.1914 வரும். நமக்கு வேண்டியது 1 ஆச்சே, அங்கதான் ஸ்கேலிங் உதவுது: எஃப்(இசட்) சொல்யூஷன்னா லாம்டா^2 எஃப்(இசட்/லாம்டா)-வும் சொல்யூஷன், பொது எம்-க்கு பவர் 2/(எம்-1). லாம்டா^2 = 1/0.1914, லாம்டா = 2.286, அதுதான் ஏ. ஒரு தடவ ஓட்டினா போதும், ஷூட்டிங்கே வேண்டாம். விளிம்பு 2.286 ரூட் டி-ல போகுது. ஈக்வேஷன யு_டி = (யு யு_எக்ஸ்)_எக்ஸ்-னு எழுதுறவங்களுக்கு இதே எண் ரூட் 2-ஆல வகுபட்டு 1.616-ன்னு வரும், நிலத்தடி நீர் படிச்சவங்களுக்கு பழக்கமான எண் அது.

சோர்ஸ் டெர்ம், அதாவது யு-வ புதுசா உண்டாக்குற டெர்ம், இருந்தா கதையே மாறுது. யு_டி = யு_எக்ஸ்எக்ஸ் + யு^பி மாதிரி ஈக்வேஷன்ல யு ஒரு முடிவான நேரத்துல இன்ஃபினிட்டிக்குப் போயிடலாம், அந்த நேரத்த பெரிய-டி-ன்னு வைப்போம், அப்போ டி இருந்த இடத்துல (பெரிய-டி - டி) போடணும். இங்க மூணு டெர்ம் இருக்கு, அதனால ரெண்டு கண்டிஷனும் ஈக்வேஷனே கொடுத்துடும், ஆல்ஃபா = 1/(பி-1), பீட்டா = 1/2. ஆனா ஓடிஇ-ய சால்வ் பண்ணப் போனா ஒரு டைமென்ஷன்ல ஜீரோவ விட்டா கான்ஸ்டன்ட் மட்டும்தான் பவுண்டடா கிடைக்கும். நீங்க தப்பு பண்ணிட்டீங்கன்னு நினைச்சு ராத்திரி முழுக்க உட்காராதீங்க, இது நிஜமாவே அப்படித்தான், கீகாவும் கோனும் 1985-ல நிரூபிச்சது. வெடிக்கிற இடத்தோட உண்மையான அகலத்துல ரூட்(பெரிய-டி - டி)-யோட ஒரு லாக் காரணி ஒட்டிக்குது, சுத்தமான பவரா வர்றது இல்ல.

டிஃப்யூஷனும் நான்லீனியரா இருந்தா ரொம்ப அழகான ஒண்ணு கிடைக்கும். யு_டி = (யு^2 யு_எக்ஸ்)_எக்ஸ் + யு^3 எடுத்துக்கோங்க. பவர சமன் பண்ணா ஆல்ஃபா = 1/2, பீட்டா = 0, அகலம் மாறவே மாறாது! சொல்யூஷன்:

யு = (ரூட் 3 / 2) காஸ்(எக்ஸ்/ரூட் 3) / ரூட்(பெரிய-டி - டி)

காஸ் பாசிட்டிவ்வா இருக்குற ஒரு மேடு மட்டும், வெளிய ஜீரோ. காஸ் க்யூபோட ரெண்டாவது டெரிவேட்டிவ் எடுத்து போட்டுப் பாருங்க, காஸ் க்யூப் டெர்ம் ரெண்டும் அடிபட்டு நாலு வரில முடிஞ்சுடும். வெப்பம் இன்ஃபினிட்டிக்கு ஏறுது, ஆனா பை ரூட் 3, அதாவது சுமார் 5.44 நீளத்த விட்டு ஒரு துளியும் வெளிய போறது இல்ல. ஸ்மித்ரென்கோவும் குர்த்யுமோவும் கண்டுபிடிச்சது இது. டிஃப்யூஷன் இருந்தா பரவியே தீரும்னு நினைச்சுட்டிருந்த எனக்கு முதல் தடவ இத சரிபார்த்தப்போ பேனாவ கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துட்டேன்.

சரி, ரெண்டாவது கண்டிஷன் எங்க தேடியும் கிடைக்கலன்னா? உதாரணமா போரஸ் மீடியம் ஈக்வேஷன்லயே நடுவுல வட்டமா காலி இடம், சுத்தி திரவம், அது உள்நோக்கி மூடிட்டு வருது. மூடுற அந்தக் கடைசி நேரத்துல மொத்த மாஸுக்கு எந்த வேலையும் இல்ல, பிடிச்சு வச்ச உயரமும் இல்ல. ஒரு கண்டிஷன்தான் இருக்கு, பீட்டா ஃப்ரீயா நிக்குது. இத ரெண்டாம் வகை செல்ஃப்-சிமிலாரிட்டின்னு சொல்வாங்க. அப்போ பீட்டாவ ஐகன்வேல்யூ மாதிரி, அதாவது குறிப்பிட்ட மதிப்புக்கு மட்டும் சொல்யூஷன் கொடுக்குற எண் மாதிரி, நடத்தணும்: ஒரு பீட்டா வச்சு விளிம்புலருந்து ஓடிஇ-ய ஓட்டுங்க, தூரத்துல அது எப்படி இருக்கணும்னு ஒரு தேவை இருக்கும், மூடுற நொடில நடுவ விட்டுத் தள்ளி இருக்குற இடத்துல யு முடிவில்லாம ஏறவும் கூடாது ஜீரோவுக்கும் விழக் கூடாது, அந்தத் தேவை ஏதோ ஒரு தனி பீட்டாவுக்கு மட்டும்தான் நிறைவேறும். அந்த எண் சுத்தமான பின்னமா வரணும்னு எதிர்பார்க்காதீங்க. ஓடிஇ-ல மேல சொன்ன ஸ்கேலிங் இருக்குறதால அத ஒரு ஆர்டர் குறைச்சு ஃபேஸ் பிளேன்ல (ரெண்டு வேரியபிள ரெண்டு அச்சா வச்ச படம்) வரைஞ்சா எந்தப் பாதை எந்தப் புள்ளில சேருதுன்னு கண்ணாலயே தெரியும். 1993-ல ஆரன்சனும் கிராவலோவும் இத இப்படித்தான் முடிச்சாங்க.

கடைசியா கோட சரிபார்க்குறது. எக்ஸ்பிளிசிட் ஸ்கீம்னா (இப்போ இருக்குற மதிப்ப மட்டும் வச்சு அடுத்த நேரத்த நேரா கணக்கு பண்றது) எம் = 2-க்கு டைம் ஸ்டெப் டிஎக்ஸ்^2 / (4 × யு-வோட உச்ச மதிப்பு)-க்கு மேல போகக்கூடாது, டிஎக்ஸ்-னா ரெண்டு கிரிட் பாயின்டுக்கு நடுவுல இருக்குற தூரம், ஈக்வேஷன ஃப்ளக்ஸ் வடிவத்துலயே, அதாவது ஒரு செல்ல விட்டுப் போறது அப்படியே பக்கத்து செல்லுக்குப் போற மாதிரி, எழுதுங்க, இல்லன்னா மாஸ் மெல்ல மெல்ல கசியும், கசிஞ்சா ஆல்ஃபா = பீட்டாவே போச்சு. ஆரம்பத்துல எந்தக் குவியல் வச்சாலும் பரவால்ல, பெட்டி மாதிரி வச்சாலும் போதிய நேரம் போனா பேரன்பிளாட் வடிவத்துக்குத்தான் வந்து சேரும், அது நிரூபிச்ச விஷயம். எல்லாரும் உடனே லாக்-லாக் பிளாட் போட்டு சரிவு 1/3 வருதான்னு பார்ப்பாங்க, 0.27 வரும், 0.29 வரும், கோட்ல பிழைன்னு தேடுவாங்க. நானும் அப்படி மூணு நாள் தேடியிருக்கேன். பிழை கோட்ல இல்ல, உங்க பெட்டி புள்ளிலருந்து கிளம்பல, ஏற்கனவே கொஞ்சம் பரவின மாதிரி கிளம்புது, அதனால உண்மையான டைம் டி + டி0. லாக்-லாக்ல இந்த டி0 ஒளிஞ்சுக்கிட்டு சரிவ கெடுக்கும்.

அதனால மாஸ் 1 இருக்கட்டும், எம் = 2-க்கு நடு உயரத்த எடுத்து அதோட -3 பவர டைமுக்கு எதிரா சாதாரண பிளாட்ல போடுங்க. நேர்கோடு வரும், சரிவு 64/3, அதாவது 21.33 இருக்கணும், கோடு டைம் அச்ச வெட்டுற இடம் -டி0. விளிம்ப கிரிட் பாயின்ட்ல அளந்தா படிக்கட்டு மாதிரி குதிக்கும், அதனால உயரத்த நம்புங்க, இல்லன்னா எக்ஸ்^2 யு-வோட இன்டெக்ரல எடுத்து அகலத்த அளங்க. டி0 கிடைச்சதும் அஞ்சாறு நேரத்துல எடுத்த புரொஃபைல எல்லாம் (டி+டி0)^(1/3)-ஆல பெருக்கி, எக்ஸ வகுத்து, ஒரே படத்துல போட்டு (ஏ^2 - இசட்^2)/12 பரபோலாவ மேல வரைஞ்சு பாருங்க. பிந்தின நேரத்துக் கோடுங்க அதுமேல உட்காரும். விளிம்புல மட்டும் ஒரு சில கிரிட் பாயின்ட் அகலத்துக்கு சின்ன வால் ஒட்டிக்கிட்டிருக்கும், டிஎக்ஸ பாதியாக்குனா அதுவும் சுருங்கணும், சுருங்கலன்னா அப்போதான் கோட திறந்து பாருங்க.